பிரெஞ்ச் பிரஸ் காபியும் பாலில்லாத லாட்டேயும்: வீட்டில் எப்படிப் போடுவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: பிரெஞ்ச் பிரஸ் (தூளைத் தண்ணீரில் ஊறவைத்து, கம்பி வலை பொருத்திய பிளஞ்சர் என்ற தண்டை மேலிருந்து அழுத்தி வடிக்கும் ஜாடி) ஒன்று பரிசாக வந்திருக்கிறது. வீட்டிலிருக்கும் ஃபில்டர் காபித்தூளை அதில் போட்டால் அடியில் வண்டலும் வாயில் கசப்புமாக வருகிறது. மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாததால் சோயா, ஓட்ஸ் இரண்டையும் முயன்றாயிற்று. சோயா திரிகிறது, வீட்டில் அரைத்த ஓட்ஸ் பால் கொழகொழக்கிறது. காபிக் கடைகளில் தருகிற மாதிரி ஒரு லாட்டே, அதாவது அடர்த்தியான காபியில் நுரைத்த பால் நிறையச் சேர்த்தது, வீட்டில் வருமா?

வரும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். லாட்டேவுக்கான காபியை இறக்க பிரெஞ்ச் பிரஸ் அவ்வளவு பொருத்தமில்லை. உங்கள் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் ஃபில்டர்தான் அந்த வேலைக்கு மேல். பிரஸ்ஸை இரண்டு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பால் சேர்க்காத கறுப்புக் காபி, அப்புறம் தாவரப் பாலை நுரைக்க வைப்பது. இந்த இரண்டாவது வேலையைப் பெரும்பாலானவர்கள் அதற்குக் கொடுப்பதே இல்லை.

காரணம் வெறும் கணக்குதான். கடைகளில் லாட்டேவுக்குக் காபி இறக்கும் எஸ்பிரஸ்ஸோ இயந்திரம், ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு) 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் அளவுக்குத்தான் காபி இறக்குகிறது. தூள் ஒரு பங்கு, காபி இரண்டு பங்கு. அதனால்தான் அதன் தலையில் 150, 200 மில்லி பாலை ஊற்றினாலும் காபி வாசனை அமுங்குவதில்லை. பிரெஞ்ச் பிரஸ்ஸில் ஒரு பங்கு தூளுக்கு 16 பங்கு தண்ணீர் விடுகிறோம். குடிக்க அது அருமையான காபி; அதில் போய் அத்தனை பாலை ஊற்றினால் பழுப்பு நிறத் தண்ணீர்தான் மிஞ்சும். நம் ஃபில்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 25 கிராம் தூளுக்கு 120 மில்லி வெந்நீர் ஊற்றினால் 70 மில்லி சொச்சம் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் இறங்கும். எஸ்பிரஸ்ஸோவின் அழுத்தமும் மேலே மிதக்கும் பொன்னிற நுரையும் இதில் கிடையாது. ஆனால் பாலைத் தாங்குகிற திடம் இருக்கிறது, அது போதும்.

ஃபில்டர் இல்லாத வீடு என்றால் பிரஸ்ஸிலேயே ஒரு பங்கு தூளுக்கு 8 பங்கு தண்ணீர் வைத்து அடர்த்தியாகப் போடலாம். 40 கிராம் தூள், 320 மில்லி தண்ணீர். தூள் ஏகத்துக்குச் செலவாகும், அதன் முழுச் சாரமும் இறங்காது. அவசரத்துக்குப் பரவாயில்லை.

முதலில் கறுப்புக் காபியைப் பார்த்துவிடுவோம். உங்களுக்கு வண்டல் வருவதற்குக் காரணம் பிரஸ் அல்ல, தூள். நம் ஊர் ஃபில்டர் தூள் மிக நைஸாக அரைக்கப்படுவது. பிரஸ்ஸின் கம்பி வலை அவ்வளவு நைஸைப் பிடிக்காது. பாதி வலையைத் தாண்டி டம்ளருக்கு வந்துவிடும், மீதி வலையை அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டதும் பிளஞ்சர் இறங்காமல் முரண்டு பிடிக்கும். அப்போது பலத்தைக் காட்டவே கூடாது. கொதிக்கும் காபி மூக்கு வழியாக எகிறிக் கையைச் சுட்டுவிடும், கண்ணாடி ஜாடி விரிசல் விடவும் கூடும். இறங்கவில்லையா, சற்று மேலே இழுத்து, ஒரு நிமிடம் விட்டு, மெதுவாக மறுபடி அழுத்துங்கள்.

அடுத்தது சிக்கரி. ஃபில்டர் காபியில் அதற்கு ஒரு வேலை உண்டு: தண்ணீர் மடமடவென்று இறங்காமல் தடுக்கும், நிறமும் திடமும் கொடுக்கும். ஆனால் வறுத்த காபிக்கொட்டையில் தண்ணீரில் கரையக்கூடியது கிட்டத்தட்ட 30 சதவீதம்தான். அதிலும் தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை இறங்கினால்தான் சுவை நன்றாக இருக்கும் என்பது காபித் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. சிக்கரி அப்படியில்லை, பாதிக்கு மேல் கரைந்துவிடும். பிரஸ்ஸில் தூள் தண்ணீரோடு நிமிடக்கணக்கில் ஊறுகிறது. சிக்கரி முழுவதும் அதற்குள் கரைந்து, காபியை மூடிவிடும். நீங்கள் சொல்லும் கசப்பில் பாதி அதுதான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தை அச்சிட வேண்டும் என்பது இந்திய விதி. அதாவது, சட்டப்படியே பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருக்கலாம்.

எனவே கண்ணெதிரில் வறுத்து அரைத்துத் தருகிற கடைக்குப் போய், சிக்கரி இல்லாமல், கொரகொரப்பாக, ரவை அளவுக்கு அரைத்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் அரவைத் திருகை மாற்றித் தருவார்கள். முகம் சுளித்தால் வேறு கடை. பிளாண்டேஷன் ஏ, பீபெரி என்று கடையில் சொல்லும் கொட்டை வகைகள் இரண்டில் எதுவும் நன்றாக இருக்கும். ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலை, வால்பாறை, குடகு, சிக்மகளூர் என்று விளைந்த இடத்தின் பெயரோடு கொட்டையாகவும் இப்போது வாங்க முடிகிறது. கொட்டையாக வாங்கினால் மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டி, மாவுச் சல்லடையில் சலித்து, கீழே விழும் நைஸை ஃபில்டருக்கு எடுத்துவைத்துக்கொள்ளலாம். மிக்ஸி பிளேடு ஒரே அளவாக அரைக்காது, ஆனாலும் இந்தச் சலிப்பு நிறையவே காப்பாற்றும்.

அளவு: 500 மில்லி தண்ணீருக்கு 30 கிராம். பெட்டியில் '3 கப்' என்று போட்டிருந்தால் அது 350 மில்லி ஜாடி, '8 கப்' என்றால் ஒரு லிட்டர். அந்தக் கப் கணக்கு நம் வீட்டு டம்ளருக்குப் பொருந்தாது, நம்பி ஏமாறாதீர்கள். சிறிய ஜாடிக்கு 18 கிராம் தூளும் 300 மில்லி தண்ணீரும் சரி. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டால் 93 முதல் 96 டிகிரிக்கு வந்து நிற்கும், அதுதான் வேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 92, 93 டிகிரியில்தான். கொதிக்கக் கொதிக்க ஊற்றலாம்.

ஜாடியை வெந்நீரால் ஒரு முறை அலசிவிட்டுத் தூளைப் போட்டு, தண்ணீர் முழுவதையும் ஊற்றி, நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் இதோடு அழுத்தி ஊற்றச் சொல்லியிருப்பார்கள். 2007ல் உலக பாரிஸ்டா (காபிக் கடையில் காபி போடுபவர்) போட்டியில் வென்ற ஜேம்ஸ் ஹாஃப்மன் பரப்பிய முறை இதிலிருந்து கொஞ்சம் விலகுகிறது, எனக்கு அதுதான் பிடித்தது. நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் தூள் படலத்தைக் கரண்டியால் மெதுவாகக் கலக்கிவிடுங்கள், பெரும்பகுதி அடியில் அமர்ந்துவிடும். மேலே நிற்கும் நுரையையும் தூளையும் இரண்டு கரண்டிகளால் வழித்தெடுத்துக் கொட்டிவிடுங்கள். பிறகு இன்னும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். கடைசியில் பிளஞ்சரை அடிவரை அழுத்தவே வேண்டாம், காபியின் மேல்மட்டத்தைத் தொடும் வரை இறக்கினால் போதும். அழுத்தினால் படிந்த வண்டல்தான் மறுபடி கலங்கும். ஒன்பது நிமிடம் ஊறினால் கசந்துவிடாதா என்று கேட்பீர்கள். தூள் கொரகொரப்பாக இருந்தால், தண்ணீரும் ஆறிக்கொண்டே வருவதால், கசக்காது. ஊற்றும்போது கடைசி இரண்டு மடக்கை ஜாடியிலேயே விட்டுவிடுங்கள். மிச்சத்தையும் அதிலேயே வைத்து அப்புறம் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், அது ஊறிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு உடல்நலச் செய்தி. காபிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு பொருட்கள் உண்டு. கெட்ட கொழுப்பு என்கிறோமே, அந்த எல்டிஎல்லை உயர்த்தும் தன்மை அவற்றுக்கு இருக்கிறது. காகித வடிகட்டி அவற்றைப் பிடித்துக்கொள்ளும், பிரஸ்ஸின் கம்பி வலை விட்டுவிடும். பிரஸ் காபிக்கு நாக்கில் ஒரு வழவழப்பு இருப்பதும் அந்த எண்ணெயால்தான். கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்து, தினமும் மூன்று நான்கு கப் குடிப்பவர் என்றால், பிரஸ் காபியைக் காகித ஃபில்டர் ஒன்றில் ஊற்றி வடித்துக் குடிக்கலாம்.

இனி பால். உங்கள் சோயா பால் திரிவதற்குப் பழசாகிப்போனதுதான் காரணம் என்றில்லை, புத்தம் புதிய பாலும் திரியும். காபியின் அமிலத்தன்மை பிஹெச் அளவில் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 5. சோயாப் புரதம் பிஹெச் 4.5 அருகில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சூடு அதைத் துரிதப்படுத்தும்; சத்துக்காகச் சேர்க்கும் கால்சியமும் கூட நின்று உதவும். டோஃபு (சோயா பனீர்) செய்வதற்குச் செய்கிற அதே வேலைதான் டம்ளருக்குள் நடக்கிறது. இதற்கு வழி மூன்று. ஒன்று, புளிப்புக் குறைந்த காபி: வறுவல் கூடக் கூடப் புளிப்பு குறையும், அதனால் இளவறுவல் கொட்டையைத் தவிர்த்து நடுத்தரமோ அதற்கு மேலோ வறுத்ததை எடுங்கள். இரண்டு, கொதிக்கிற டிகாஷனில் குளிர்ந்த பாலை ஊற்றாதீர்கள். பாலைச் சூடாக்கி, அதில் சற்று ஆறிய டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூன்று, 'பாரிஸ்டா' என்று குறித்த பெட்டியை வாங்குங்கள். அது விளம்பரச் சொல் மட்டுமல்ல. பெட்டியின் பின்னால் பெரும்பாலும் ஐஎன்எஸ் 340 என்ற சேர்மான எண் இருக்கும். அது பொட்டாசியம் பாஸ்பேட். காபியின் புளிப்பைத் தாங்கிக்கொண்டு புரதம் திரளாமல் பார்த்துக்கொள்வது அதுதான். கூடவே கொஞ்சம் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள், கொழுப்பு இருந்தால்தான் வாயில் பால் போலப் படியும்.

கடையில் தேடும்போது 'பால்' என்ற சொல்லை எதிர்பார்க்க வேண்டாம். தாவரப் பானங்களைப் பால் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு, 2021ல் இணையக் கடைகளுக்கும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் 'ஓட் டிரிங்க்', 'ஆல்மண்ட் பெவரேஜ்' என்றுதான் அச்சிட்டிருக்கும். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

எது நல்லது? நுரைக்குப் புரதம் வேண்டும். சோயாவில் மாட்டுப்பாலுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு, 100 மில்லிக்கு 3 கிராம் புரதம் உண்டு. அதனால் நுரை கெட்டியாக நிற்கும், ஆனால் பயறு வாசனை எல்லோருக்கும் பிடிப்பதில்லை. ஓட்ஸில் புரதம் குறைவு, ஆனால் இயல்பான இனிப்பும் குழைவும் உண்டு. காபியோடு சேர்ந்துபோவதில் என் ஓட்டு இதற்குத்தான். பாதாம் நீர்த்த பால், சுலபமாகப் பிரியும், விலையும் அதிகம். லாட்டேவுக்கு நான் சொல்லமாட்டேன். தேங்காய்ப்பால் எதைத் தொட்டாலும் தன் வாசனையைப் பூசிவிடும். இரண்டாம் பாலில் கருப்பட்டி போட்டுக் குடித்தால் பிரமாதம், அதை லாட்டே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வீட்டில் அரைக்கும் ஓட்ஸ் பால் ஏன் கொழகொழக்கிறது, கடைப் பால் ஏன் அப்படி ஆவதில்லை என்றால், அதைத் தயாரிப்பவர்கள் நொதி சேர்க்கிறார்கள். ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் ரிக்கார்ட் எஸ்டே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. நொதி மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கிவிடுகிறது. அதனால்தான் சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கும் ஓட்ஸ் பாலும் இனிக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பெட்டியில் உள்ள சர்க்கரை அளவைப் பார்த்தே வாங்க வேண்டும். வீட்டில் நொதி கிடையாது. அரைத்து வடித்த ஓட்ஸ் பாலை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மாவுச்சத்து வெந்து, கஞ்சியாகத்தான் போகும். அதை மாற்ற முடியாது. ஐஸ் போட்ட லாட்டேவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது நன்றாகவே இருக்கும். அரை கப் ஓட்ஸ், இரண்டரை கப் குளிர்ந்த தண்ணீர், மிக்ஸியில் அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டாமல், மெல்லிய துணியில் பிழியாமல் வடிப்பது. பிழிந்தால் மாவு இறங்கிவிடும்.

சூடான லாட்டேவுக்கு வீட்டுப் பால் வேண்டுமென்றால் முந்திரிதான். குருமாவுக்கு அரைத்துப் பழகிய கைகளுக்கு இது ஒரு வேலையே இல்லை. 40 கிராம் முந்திரியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, முதலில் கொஞ்சம் தண்ணீரில் வெண்ணெய் பதம் வரும் வரை அரைத்து, பிறகு மொத்தம் 400 மில்லிக்குத் தண்ணீர் சேர்த்து ஒரு சுற்று. உடைத்த முந்திரி போதும், விலை குறையும். நன்றாக அரைபட்டால் வடிகட்டவே வேண்டாம். சூட்டில் லேசாகத் தடிக்கும், அது இங்கே நன்மைதான். கொதிக்க மட்டும் விடாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு கொஞ்சம் அடங்கும். குளிர்பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் வைக்க வேண்டாம். சோயாவை மட்டும் பச்சையாக அரைத்து அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஜீரணத்தைத் தடுக்கும் பொருட்கள் அதில் உண்டு; அரைத்து வடித்த பாலை இருபது நிமிடமாவது கொதிக்கவைத்த பிறகுதான் குடிக்கலாம்.

இப்போது பிரஸ்ஸின் இரண்டாவது வேலை. அதைச் சுத்தமாகக் கழுவிவிட்டு (காபி எண்ணெய் ஒட்டியிருந்தால் நுரை எழும்பாது), பாலை ஒரு பாத்திரத்தில் 60 டிகிரி வரை சூடாக்குங்கள். வெப்பமானி இல்லையென்றால், ஆவி எழத் தொடங்கி, ஓரத்தில் குமிழ்கள் கட்டுவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும். தாவரப் பாலுக்கு 65 டிகிரியைத் தாண்டினால் நுரை உடையும், சுவையும் கெடும். அந்தப் பாலை ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள், நுரை இரண்டு மடங்காக ஏறும். மூடியைப் பிடித்துக்கொண்டு பிளஞ்சரை வேகமாக, பாலின் மேல்மட்டத்தைத் தாண்டி மேலும் கீழும் பதினைந்து இருபது முறை இயக்குங்கள். காற்று உள்ளே போகும், கம்பி வலை அதைப் பொடிப்பொடியாக உடைக்கும். பிறகு வலையைப் பாலுக்குள்ளேயே வைத்து மெதுவாக இன்னும் ஐந்தாறு முறை. ஜாடியைத் துணியின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் பெரிய குமிழ்கள் உடைந்து, பளபளவென்று வழியும் நுரை கிடைக்கும். டபராவில் ஆற்றினாலும் நுரை வரும்தான், ஆனால் தாவரப் பாலில் அது பெரிய பெரிய குமிழாக வந்து உட்காருவதற்குள் உடைந்துபோகும்.

சேர்ப்பது சுலபம். 50, 60 மில்லி டிகாஷன், 150 மில்லி பால். டிகாஷன் ஆறியிருந்தால் டம்ளரை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்குங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம். சுவையூட்ட நாட்டுச்சர்க்கரை சேர்ப்பதாக இருந்தால் கடைசியில் கலக்குங்கள். பாலைச் சூடாக்கும்போதே போட்டால் சில சமயம் அதுவே திரிய வைத்துவிடும். இந்த லாட்டேவுக்கு 80:20 (காபி 80, சிக்கரி 20) கலவையில் இறக்கிய டிகாஷன் தாராளமாகப் போடலாம். ஓட்ஸின் இனிப்புக்கு அது எடுப்பாகவே இருக்கிறது. பிரஸ்ஸில்தான் சிக்கரி ஆகாதே தவிர, எனக்கு அதன் மேல் விரோதம் ஒன்றும் இல்லை.

வெயில் காலத்தில் இவ்வளவு பாடும் தேவையில்லை. பிரஸ்ஸில் 50 கிராம் கொரகொரப்புத் தூளும் 400 மில்லி குளிர்ந்த தண்ணீரும் ஊற்றி, கலக்கி, மூடி, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் அழுத்தி ஊற்ற அடர்த்தியான காபி தயார். சூடு இல்லாததால் எந்தப் பாலும் அநேகமாகத் திரியாது. ஐஸ், இந்தக் காபி ஒரு பங்கு, ஓட்ஸ் பால் இரண்டு பங்கு.

ஒரு எச்சரிக்கை. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள், எந்த வகையில் என்று சொல்லவில்லை. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஜீரணமாகாததுதான் பிரச்சினை என்றால், லாக்டோஸ் நீக்கிய மாட்டுப்பாலே கடையில் கிடைக்கிறது. இத்தனையும் செய்யாமல் தப்பிக்கலாம். பால் புரதமே அலர்ஜி என்றால் அது உதவாது. 'நான் டெய்ரி கிரீமர்' என்று விற்கும் பொடியை நம்பவும் கூடாது. பலவற்றில் சோடியம் கேசினேட் இருக்கும், அது பாலிலிருந்து எடுத்த புரதம். 'டெய்ரி வொய்ட்னர்' என்பது பால் பொடியேதான். முந்திரி, பாதாம், சோயா மூன்றும்கூட அலர்ஜி தரக்கூடியவை என்பதால், விருந்தாளிக்குக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

நுரைக்கும் பேட்டரிக் கருவி வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரஸ் இருக்கும்போது வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு சமையலறைத் தராசு வாங்குங்கள், கொரகொரப்புத் தூள் ஒரு கரண்டியில் எத்தனை கிராம் நிற்கும் என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பால் நுரைத்ததும் பிளஞ்சரின் வலை, தட்டு, சுருள் எல்லாவற்றையும் திருகிக் கழற்றி அப்போதே கழுவிவிடுங்கள். சோயா காய்ந்து வலையில் ஒட்டிக்கொண்டால் அடுத்த நாள் கறுப்புக் காபியில் அந்த வாசனைதான் முதலில் வரும்.